பிணியறியா மேனியாள்

பொன்னம்பலம் வேலையை விட்டுவிட்டார் என்பது அவர் மனைவி பத்மாவதிக்குத் தெரியும். தெல்லிப்பழையில் அயலட்டம் முழுக்கத் தெரியும். மருதனார்மடச் சந்தியில் இருபத்தாறு வருடமாக அவருக்குத் தேத்தண்ணி ஊற்றியவனுக்கும் தெரியும். தெரியாத இடங்கள் இரண்டே இரண்டுதான். ஒன்று, அவர் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்த செந்நிலம் விதை உரக் கம்பனி. மற்றது, அந்தக் கம்பனி ஆட்களுக்கு மருத்துவக் காப்பு வழங்கிய பெருங்குடைக் காப்புறுதி நிறுவனம்.

மே முப்பத்தோராந் திகதி பின்னேரம் ஐந்து மணிக்குக் களஞ்சியத்தின் திறப்புக் கோர்வையை மேசையில் வைத்துவிட்டு அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். மருதனார்மடக் களஞ்சியத்தைக் கொழும்போடு சேர்க்கிறார்களாம். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் தாங்களாகவே விரும்பி ஓய்வு பெறுகிறார்கள் என்று தலைமைக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. யார் யார் விரும்புகிறார்கள் என்ற பட்டியலும் அதே கடிதத்தில் இருந்தது. பட்டியலில் பொன்னம்பலத்தின் பெயர் மட்டும்தான்.

வேலை போனது அவருக்குப் பெரிய கவலையில்லை. பத்மாவதியின் இடது கால்தான் கவலை. அவளுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சீனி வருத்தம். சித்திரையில் பெருவிரலில் ஒரு சின்னக் காயம் வந்தது. வைகாசியில் விரல் கறுக்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரி டொக்டர் காலைத் தொட்டுப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார், பிறகு சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"அம்மா, காலுக்கு ரத்தம் போற குழாய் அடைச்சிருக்கு. அதைத் திறந்து விட்டால் காலைக் காப்பாத்தலாம். எங்கடை வரிசையிலை உங்கடை முறை வர மார்கழியாகும். கொழும்பிலை பிறைவேற்றிலை எண்டால் ஒரு கிழமையிலை செய்யலாம். காப்புறுதி ஏதும் இருக்கோ?"

"ஓம், இருக்கு," என்றார் பொன்னம்பலம். இருபத்தாறு வருடச் சந்தாவுக்கு ஒரு பலன் கண்டதில் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

"அப்ப ஆனி முடிய முன்னம் செய்யுங்கோ. விட்டால் உது விரலோடை நிக்காது."

வீட்டுக்கு வந்து காப்புறுதிப் புத்தகத்தைத் தேடியெடுத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். பதினான்காம் பிரிவு தெளிவாகத்தான் சொன்னது. சேவையிலிருந்து விலகும் உறுப்பினர், விலகிய நாளிலிருந்து முப்பது நாட்களுக்குள் விண்ணப்பித்தால், தன் சொந்தச் செலவில் தனக்கும் துணைவிக்குமான காப்பைத் தொடரலாம். இவ்வளவுதான். இதில் என்ன கஷ்டம் இருக்கிறது என்று அந்த அப்பாவி மனிதர் நினைத்தார்.

ஜூன் முதலாந் திகதி காலை, காங்கேசன்துறை வீதி பஸ்ஸில் ஏறி யாழ்ப்பாணம் பட்டினத்துக்குப் போனார். பெருங்குடையின் கந்தோர் உள்ளே மார்கழிக் குளிர் குளிர்ந்தது. சுவரில் ஆளுயரப் படத்தில் ஒரு குடும்பம் நீலக் குடையின் கீழ் சிரித்துக்கொண்டு நின்றது. கீழே, 'மழைக்கு முன்பே விரியும்' என்று எழுதியிருந்தது. முன்மேசையில் இருந்த துஷாந்தினி என்ற பிள்ளை எழுந்து கும்பிட்டு, இலக்கத் துண்டு ஒன்றும் தேத்தண்ணி ஒன்றும் நீலக் குடை ஒன்றும் கொடுத்தது. நல்ல தடித்த மரப்பிடி போட்ட குடை. வருகிற எல்லோருக்கும் கொடுக்கிறார்களாம். கேட்டு வாங்காமல் அந்த நிறுவனத்திடமிருந்து பொன்னம்பலத்துக்குக் கிடைத்த பொருள் அது ஒன்றுதான்.

"ஐயா, நீங்கள் வேலையை விட்டதுக்கு என்ன ஆதாரம்?" என்று துஷாந்தினி கேட்டாள்.

"நான் இஞ்சை நிக்கிறன் பிள்ளை. இப்ப நேரம் பத்தரை. வேலையிலை இருந்தால் இந்த நேரம் களஞ்சியத்திலை எல்லோ நிப்பன்?"

"லீவிலை வந்திருக்கலாம் தானே ஐயா," என்று அவள் மிகவும் மரியாதையாகச் சொன்னாள். பிறகு பதினேழு பக்கப் படிவம் ஒன்றை நீட்டினாள். ஆறாம் பக்கத்தில், 'விலகிய பின் தங்கள் தொழில் என்ன?' என்று ஒரு கேள்வி. அதன் கீழே, 'தொழில் எதுவும் இல்லையெனில், தற்போதைய தொழில் வழங்குநர் அதனை உறுதிப்படுத்திக் கையொப்பமிட வேண்டும்.'

பொன்னம்பலம் அதை மூன்று முறை வாசித்தார். மூன்று முறையும் அது அப்படியேதான் இருந்தது.

"உதை விடுங்கோ ஐயா, உது ஒருத்தரும் நிரப்பிறேல்லை," என்றாள் துஷாந்தினி. "கம்பனியிட்டை விலகல் உறுதிக் கடிதம் ஒண்டு மட்டும் வாங்கிக்கொண்டு வாங்கோ. அது காணும்."

அன்றைக்கே மருதனார்மடத்தில் இறங்கினார். கிளை முகாமையாளர் மயூரதனுக்கு முப்பத்துநாலு வயது. உர மூட்டை நாற்றத்துக்குள்ளும் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டிருக்கிற ஆள். பொன்னம்பலத்தைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டு உபசரித்தான்.

"கடிதம் தாறதுக்கு என்ன அண்ணை, தரலாம். ஆனா உங்களுக்கு இன்னும் பிரியாவிடை வைக்கேல்லையே."

"பிரியாவிடை வேண்டாம் தம்பி. கடிதம் காணும்."

யாரோ கன்னத்தில் அறைந்துவிட்டதுபோல் மயூரதன் பார்த்தான். "அப்பிடிச் சொல்லாதேங்கோ அண்ணை. பிரியாவிடை வைக்காமல் கடிதம் குடுத்தால், பொன்னம்பலத்தைக் களவுக்குக் கலைச்சதெண்டு சனம் கதைக்கும். தலைமைக் கந்தோர்ச் சட்டமும் அதுதான். பொன்னாடை போத்தின படத்தை ஃபைலிலை ஒட்டினாப் பிறகுதான் ஃபைலை மூடலாம். ஃபைலை மூடினாப் பிறகுதான் நீங்கள் போனது."

"அப்ப இப்ப நான் ஆர்?"

"இப்ப நீங்கள் போய்க்கொண்டிருக்கிறியள்."

"சம்பளம்?"

"அது முப்பத்தோராந் திகதியோடை நிண்டிட்டுது. சம்பளத்தை நிப்பாட்டப் பிரியாவிடை தேவையில்லை அண்ணை."

பிரியாவிடைக்குப் பிரதம விருந்தினராக ஒரு பணிப்பாளர் கொழும்பிலிருந்து வரவேண்டும். அவருக்கு மருதனார்மடம் ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்துகிற நேர்த்தி ஒன்று பாக்கியிருந்தது. வடைமாலையையும் பொன்னம்பலத்தையும் ஒரே பயணத்தில் முடிக்க அவர் விரும்பினார். ஜூன் இருபத்துநாலு, சனிக்கிழமை என்று நாள் குறித்தார்கள். முப்பது நாளில் இருபத்துநாலு நாள் ஒரு வடைமாலையோடு போயிற்று.

"கண்டறியாத பொன்னாடை," என்றாள் பத்மாவதி. புண்ணுக்கு மருந்து வைத்து, தானே குனிந்து துணி சுற்றிக்கொண்டிருந்தாள். "என்ரை காலைச் சுத்திக் கட்டவே அது? விரலைப் பாருங்கோ, பக்கத்து விரலுக்கும் தாவுது. உங்கடை மயூரதனுக்குச் சொல்லுங்கோ, என்ரை காலுக்கு உந்த விழாவெல்லாம் விளங்காதெண்டு."

பொன்னம்பலம் குனிந்து துணியின் மற்ற முனையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குப் பயம் பிடித்துவிட்டது.

விழா களஞ்சியத்தில்தான் நடந்தது. யூரியா மூட்டைகளைச் சுவரோரம் அடுக்கி, வெள்ளைத் துணியால் மூடி, மேலே கடதாசிப் பூ ஒட்டியிருந்தார்கள். துணைவி சமேதராக வரவேண்டும் என்று அழைப்பிதழில் இருந்ததால் பத்மாவதியும் முன் கதிரையில், புண்காலைச் சேலைக் கரைக்குள் மறைத்துக்கொண்டு இருந்தாள். மங்கள விளக்கேற்றினார்கள். அகவணக்கம் செலுத்தினார்கள். வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. விருந்தினர்களுக்குள் பெருங்குடையின் தொடர்ச்சிப் பிரிவுப் பொறுப்பாளர் சிவதர்ஷனும் இருந்தார். வெள்ளைச் சேட்டு, நல்ல வாசனை, பொறுமையான முகம்.

பாராட்டுரையில் முதலில் மயூரதன் பேசினான். "எங்கள் பொன்னம்பலம் அண்ணை இருபத்தாறு ஆண்டுகளில் ஒரு நாள்கூட மருத்துவ விடுப்பு எடுத்ததில்லை. காய்ச்சலோடும் மூட்டை எண்ணினார். காப்புறுதியிலிருந்து ஒரு சதம்கூட எடுக்கவில்லை. அதனால் பெருங்குடை நிறுவனம் எங்கள் கம்பனிக்கு ஆண்டுதோறும் சந்தாவில் கழிவு தந்தது. அந்தக் கழிவில்தான் இந்தக் களஞ்சியத்துக்கு ஒலிபெருக்கி வாங்கினோம். அந்த ஒலிபெருக்கியில்தான் இப்போது அவரைப் புகழ்ந்துகொண்டிருக்கிறேன்."

கைதட்டினார்கள். பொன்னம்பலமும் தட்டினார். ஒலிபெருக்கி உண்மையிலேயே நல்ல ஒலிபெருக்கி.

அடுத்துச் சிவதர்ஷன் எழுந்தார். "அன்பர்களே, காப்புறுதி என்பது அன்பு. எங்கள் நிறுவனம் உறுப்பினர்கள் ஒவ்வொருவரையும் நேசிக்கிறது. ஆனால் எங்கள் புள்ளிவிபரங்கள் ஒரு கவலையான உண்மையைச் சொல்கின்றன. காப்பைத் தொடர விரும்புகிறவர்களில் பெரும்பாலோர் நோயாளர்கள். சுகதேகிகள் தொடர விரும்புவதே இல்லை. இந்த மனப்பாங்கு மாறவேண்டும். நோயில்லாதவர்கள் திரண்டு வந்து தொடரும் நாளில், ஒருவரையும் நாங்கள் திருப்பி அனுப்பமாட்டோம் என்று இந்த மேடையில் உறுதி கூறுகிறேன்."

இதற்கும் கைதட்டினார்கள். பணிப்பாளர் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். அவர் கையில் வடைமாலைப் பிரசாதத்தின் எண்ணெய் இன்னும் காயவில்லை.

கடைசியாக ஏரம்பு எழுந்தார். கம்பனியின் பழைய இலிகிதர், அந்தப் பகுதியில் எந்தப் பிரியாவிடை என்றாலும் வாழ்த்துமடல் எழுதிக் கொடுக்கிறவர். கண்ணாடிச் சட்டம் போட்ட மடலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, இராகம் இழுத்துப் பாடினார்.

செந்நிலக் கம்பனியின் சீர்த்தியே! களஞ்சியத்தின்
மன்னவனே! பிணியறியா மேனியாள் பத்மாவின்
பன்னரிய நாயகனே! பிரியாய்நீ எமைவிட்டே!
எந்நாளும் எம்பணியில் இருப்பாய்நீ வாழியவே!

சபை உருகிப்போய்விட்டது. பிணியறியா மேனியாள், கறுத்த விரல் விண்விண் என்று குத்த, பல்லைக் கடித்துக்கொண்டு விழாவில் கொடுத்த றோல்ஸைத் தின்றாள்.

திங்கட்கிழமை, இருபத்தாறாந் திகதி, மயூரதன் கடிதத்தைக் கொடுத்தான். இரண்டே வரி. திரு. பொன்னம்பலம் மே 31 அன்று எமது சேவையிலிருந்து விலகினார். மேலதிக விபரங்களுக்கு இத்துடன் இணைக்கப்பட்டுள்ள வாழ்த்துமடலைப் பார்க்கவும்.

"வாழ்த்துமடல் எதுக்குத் தம்பி?"

"அதிலைதானே அண்ணை உங்களைப்பற்றி வடிவா எழுதியிருக்கு. கம்பனி முத்திரையும் குத்தியிருக்கு. அவையும் வாசிக்கட்டும்."

யாழ்ப்பாணத்து மனிதனுக்கு வாழ்த்துமடல் என்றால் ஒரு கிறுக்கு இருக்கிறது. பொன்னம்பலமும் விதிவிலக்கில்லை. போட்டோக் கொப்பி எடுத்துக் கொடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை, இரண்டு முழம் உயரக் கண்ணாடிச் சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார். பக்கத்தில் இருந்தவர்கள் எட்டி வாசித்தார்கள். அவருக்கு அது பிடித்திருந்தது. அந்த மடலுக்கு என்ன விலை என்று அப்போது அவருக்குத் தெரியாது.

சிவதர்ஷன் கடிதத்தை வாசித்தார். பிறகு மடலை வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் மடலை வாசித்தார்.

"ஐயா, ஒரு சின்னச் சிக்கல். கடிதத்திலை நீங்கள் விலகிட்டியள் எண்டு கிடக்கு. இணைப்பிலை 'பிரியாய் நீ எமைவிட்டே, எந்நாளும் எம்பணியில் இருப்பாய்' எண்டு கிடக்கு. இரண்டிலையும் ஒரே முத்திரை. எதை நாங்கள் நம்பிறது?"

"தம்பி, அது பாட்டு!"

"ஓம் ஐயா, விளங்குது. ஆனா முத்திரை குத்தின பாட்டு."

"நீங்களும் சபையிலை இருந்தனீங்கள் தானே? கை தட்டினனீங்கள் தானே?"

"விருந்தினரா வந்த இடத்திலை கை தட்டினது வேறை ஐயா. உத்தியோகத்தரா வாசிக்கிறது வேறை." சிவதர்ஷன் மிகவும் வருத்தத்தோடு சொன்னார். "நாங்கள் உங்களுக்கு உதவத்தான் இருக்கிறம். பாடலை எழுதினவர், அதிலை சொன்னது உண்மையில்லை எண்டு ஒரு சத்தியக் கடுதாசி தரட்டும். சமாதான நீதவானுக்கு முன்னாலை. அது காணும்."

ஜூன் முதலாந் திகதி துஷாந்தினியும் அது காணும் என்றுதான் சொன்னாள்.

ஏரம்பு வீட்டுக்குப் போனது புதன் காலை. விஷயத்தைக் கேட்டதும் மனிதர் துள்ளி எழுந்தார். "என்ரை பாட்டு பொய்யெண்டு நான் சத்தியம் பண்ணுறதோ? முப்பத்தெட்டுப் பிரியாவிடைக்குப் பாடியிருக்கிறன். நாளைக்கு முப்பத்தெட்டுப் பேரும் என்ரை படலையிலை வந்து நிப்பாங்கள். உனக்கென்ன விசரே பொன்னம்பலம்?"

"அண்ணை, பத்மாவின்ரை கால்."

"காலுக்கும் என்ரை பாட்டுக்கும் என்ன தொடுசல்?"

 பொன்னம்பலம் கதிரையில் இருந்து அழுதார். ஐம்பத்தெட்டு வயது மனிதர், துவாயால் முகத்தை மூடிக்கொண்டு சத்தமாகவே அழுதார். ஏரம்பு சேட்டைப் போட்டுக்கொண்டு அவரோடு சமாதான நீதவானிடம் வந்தார். 'மேற்படி பாடலின் பொருள் முற்றிலும் பொய். யாப்பு மட்டும் சரியானது' என்று தன் கையாலேயே எழுதிக் கையொப்பமிட்டார். அந்த இரண்டாவது வசனத்தை வெட்டச் சொன்னபோது செத்தாலும் மாட்டேன் என்றுவிட்டார்.

வியாழக்கிழமை சிவதர்ஷன் சத்தியக் கடுதாசியைப் பாராட்டினார். மிகத் தெளிவாக இருக்கிறது என்றார். அந்தத் தெளிவால்தான் அடுத்த சிக்கல் வந்தது என்றும் சொன்னார்.

"பாடலின்ரை பொருள் முழுக்கப் பொய்யெண்டால், 'பிணியறியா மேனியாள்' எண்டதும் பொய். அப்ப உங்கடை மனைவிக்குப் பிணி இருக்கு. ஆனா இந்தக் கிழமைதான் கம்பனி முத்திரையோடை பிணியில்லை எண்டு எங்களுக்கு எழுத்திலை வந்திருக்கு. சத்தியக் கடுதாசி நேற்றுத்தான். அப்ப பிணி நேற்று வந்ததோ?"

"டொக்டரின்ரை துண்டு இருக்கு தம்பி! போன மாசத்துத் துண்டு. படம் இருக்கு. பாருங்கோ!"

"டொக்டர் உங்கடை ஆள் ஐயா. நாங்கள் பக்கம் சாராமல் பாக்கோணும். நாளைக்கு அம்மாவை ஒருக்கா நேரிலை கூட்டிக்கொண்டு வாங்கோ. விரலோடை."

விரலை வீட்டில் விட்டுவிட்டு வர முடியுமா என்று கேட்க வாய் உன்னியது. பொன்னம்பலம் கேட்கவில்லை. நாளைக்கு முப்பதாவது நாள்.

வெள்ளிக்கிழமை ஓட்டோ பிடித்து, தெல்லிப்பழையிலிருந்து பட்டினம்வரை பத்மாவதி காலைத் தூக்கிப் பிடித்தபடி வந்தாள். படியில் ஏறும்போது நீலக் குடையை ஊன்றிக்கொண்டாள். குளிர்க் கந்தோருக்குள் துணியை அவிழ்த்ததும் மணம் எழும்பியது. இரண்டு விரல் கரியாகியிருந்தன, மூன்றாவது நாவல்பழ நிறம். துஷாந்தினி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். சிவதர்ஷன் எட்ட நின்று, கைலேஞ்சியை மூக்கில் வைத்தபடி, கைபேசியால் நாலு பக்கமும் படம் எடுத்தார்.

"அம்மா, நோகுதோ?"

"இல்லைத் தம்பி, கூச்சமாக் கிடக்கு," என்றாள் பத்மாவதி.

அவர் அதையும் எழுதிக்கொண்டார். பிறகு பின்னேரம் மூன்றே முக்காலுக்கு விண்ணப்பத்தில் முத்திரை குத்தி, பற்றுச்சீட்டுக் கொடுத்து, பொன்னம்பலத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். முப்பது நாளுக்குள் வந்துவிட்டீர்கள், வாழ்த்துக்கள் என்றார்.

"அப்ப நாங்கள் கொழும்புக்குப் போகலாமோ?"

"விண்ணப்பம் ஏற்றிருக்கு ஐயா. இனிப் பரிசீலனை. இருபத்தொரு வேலை நாள். அதுவரைக்கும் உங்கடை காப்பு உறக்க நிலையிலை இருக்கும்."

"உறக்க நிலையோ?"

"ஓம். சாகேல்லை. பயப்பிடாதேங்கோ. நித்திரை கொள்ளுது."

"டொக்டர் ஆனிக்குள்ளை செய்யச் சொன்னவர் தம்பி. குழாயைத் திறக்காட்டிக் கால் போயிடும்."

சிவதர்ஷன் இரண்டு கைகளையும் விரித்தார். "எல்லாருக்கும் ஒரே விதி ஐயா. உங்களுக்காக அதை எழுப்பினால், மற்ற ஆக்களின்ரை காப்பெல்லாம் நித்திரை குழம்பிப் போகாதோ?"

சீ, என்ன பிறவிகள்! அந்த மனிதர் இதைச் சிரிக்காமல் சொன்னார். அவருக்கு அது நியாயமாகவே பட்டது. இரவு வீட்டுக்குப் போய், சோறு தின்று, பிள்ளைகளைக் கொஞ்சிவிட்டு நிம்மதியாகப் படுத்தும் இருப்பார்.

காப்பு நித்திரை கொண்டது. பத்மாவதி நித்திரை கொள்ளவில்லை. கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் பொன்னம்பலம் ஏழு தடவை தொலைபேசி எடுத்தார். காப்புறுதி உறுதி செய்தால் அன்றைக்கே கட்டில் தருவோம் என்றார்கள். பெருங்குடைக்கு இருபது தடவைக்கு மேல் எடுத்தார். ஒவ்வொரு தடவையும் ஒரு பெண் குரல், உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று சொல்லிவிட்டு நாதஸ்வரம் வாசித்தது. தோட்டத்தை ஈடு வைக்கலாம் என்று பத்மாவதியின் தமையனிடம் பேசப் போனார். அவர் சரி என்றார். ஆனால் காணி உறுதி எடுத்து எழுதி முடிக்கிறதற்கு முன்னர், ஜூலை நடுப்பகுதியில், ஆனி முடிய மூன்று நாள் இருக்க, பத்மாவதி குளிரும் காய்ச்சலும் கண்டு பிதற்றத் தொடங்கிவிட்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் தள்ளுவண்டியோடு நின்ற தாதி இரண்டு கேள்வி கேட்டாள். பெயர் என்ன, வயசு என்ன. ஆதாரம் கேட்கவில்லை. அதே டொக்டர்தான் வந்தார். துணியை அவிழ்த்துக் காலைப் பார்த்தார். பிறகு பத்மாவதியின் தலைமாட்டில் குனிந்து, "அம்மா, முன்பாதத்தை எடுக்கோணும். இல்லாட்டி உங்களையே எடுத்துப்போடும். சம்மதமோ?" என்று கேட்டார். அவள் தலையாட்டி, ஒரு கடதாசியில் கையெழுத்து வைத்தாள். ஒரே ஒரு கையெழுத்து. அன்று பின்னேரமே இடது பாதத்தின் பாதியை எடுத்துவிட்டார்கள்.

ஆவணி பிறந்து ஒரு கிழமையில் பெருங்குடையிலிருந்து தடித்த உறையில் கடிதம் வந்தது. தங்கள் தொடர்ச்சி விண்ணப்பம் வெற்றிகரமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது என்பதை மகிழ்ச்சியுடன் அறியத்தருகிறோம். சந்தா ஜூன் முதலாந் திகதியிலிருந்து அறவிடப்படும். அன்று முழு உடலும் இருந்தபடியால் முழு உடலுக்குமான வீதமே பொருந்தும். இனிமேல் இடது பாதத்தின் முற்பகுதி காப்பில் அடங்காது. காரணம், விண்ணப்பதாரரிடம் இல்லாத உறுப்பு. அட்டை வழங்கும் விழாவுக்குத் துணைவி சமேதராக வருகை தருக.

பொன்னம்பலம் வாசித்து முடித்ததும் எழுந்து முற்றத்துக்குப் போய்த் துப்பினார்.  "அரியண்டம் பிடிச்சவங்கள்," என்றார். "கிழிச்செறியப் போறன்."

"கிழிக்காதேங்கோ," என்றாள் பத்மாவதி. "நான் போகோணும். என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

பட்டினத்தில் பெரிய மண்டபம். மங்கள விளக்கு, அகவணக்கம், வரவேற்புரை எல்லாம் முறைப்படி நடந்தன. பத்திரிகைக்குப் படம் எடுக்க ஆள் வந்திருந்தான். பத்மாவதியின் பெயரைக் கூப்பிட்டபோது அவள் நீலக் குடையை ஊன்றி, ஒவ்வொரு படியாக மேடையில் ஏறினாள். சிவதர்ஷன் பொன்னாடை போர்த்தி, அட்டையைக் கையில் கொடுத்து, காதோடு மெல்லச் சொன்னார்.

"அம்மா, படத்திலை காலை எப்பன் குடைக்குப் பின்னாலை வையுங்கோ. பாக்கிற சனம் பயந்திடும்."

பத்மாவதி பக்கத்தில் கிடந்த கதிரையில் இருந்தாள். முன்னால் ரீப்போ மேசையில் பூச்சாடி இருந்தது. சேலையை ஒதுக்கி, துணி சுற்றிய அரைப் பாதத்தைத் தூக்கிப் பூச்சாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு ஒலிவாங்கியைக் கேட்டாள். ஏற்புரையாக்கும் என்று நினைத்து ஓடி வந்து கொடுத்தார்கள்.

"ஆனியிலை தரவேண்டிய அட்டையை ஆவணியிலை தந்திருக்கிறியள். இடையிலை போனது இதுதான். நான் பிணியில்லாதவள் எண்டு பாட்டிலை கிடக்கெண்டு சொல்லி, என்னை விரலோடை வரச்சொல்லிப் படம் எடுத்தனீங்கள். இப்ப விரலில்லாமல் வந்திருக்கிறன். இதையும் எடுங்கோ. வடிவா எடுங்கோ."

 படக்காரன் நாலைந்து படம் எடுத்தான்.  பொன்னம்பலத்துக்கு மூன்று மாதத்தில் முதல் தடவையாக ஆறுதலாக இருந்தது. யாராவது எழுந்து ஏதாவது கேட்பார்கள் என்று திரும்பிப் பார்த்தார். முன்வரிசையில் ஒருவர் கைதட்டத் தொடங்கினார். உடனே எல்லோரும் தட்டினார்கள். பேச்சு முடிந்தால் தட்டுவதுதானே வழக்கம். சிவதர்ஷனும் தட்டினார், அடுத்தவரின் பெயரைக் கூப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் அரைப் பக்க விளம்பரம் வந்தது. பொன்னாடை போர்த்திய பத்மாவதி, கையில் அட்டை, பின்னால் சிரித்தபடி சிவதர்ஷன். படம் அவள் இடுப்போடு நின்றுவிட்டது. கீழே பெரிய எழுத்தில், 'பெருங்குடையின் நிழலில் ஒரு நிறைவான வாழ்வு.'

பொன்னம்பலம் பத்திரிகையை மடித்து வைக்கப் பார்த்தார். பத்மாவதி பத்திரிகையை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, நிதானமாகப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரியிலை அரைப் பாதத்தைத்தான் வெட்டினவை. அதுக்கும் என்னட்டைக் கேட்டு, கையெழுத்து வாங்கித்தான் வெட்டினவை," என்றாள். "உவங்கள் இடுப்புக்குக் கீழை முழுக்க வெட்டிப்போட்டாங்கள். ஒரு சொல்லுக் கேக்கேல்லைப் பாருங்கோ."